சங்கரி டீச்சரின் வட்டம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் சங்கரி டீச்சர் மட்டும் சாக்பீஸைக் கையால் தொடமாட்டார். சரித்திரம் எடுக்கிறவர் சாக்பீஸ் இல்லாமல் எப்படிப் பாடம் நடத்துவார் என்று கேட்பீர்கள். ஒரு பிள்ளையை எழுப்பிப் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்துவார். அவர் சொல்லச் சொல்ல அது எழுதும். கேட்டால் தூள் ஒத்துக்கொள்ளவில்லை, தும்மல் வருகிறது என்பார். புதிதாக வந்த டீச்சர்கள் அதை நம்பினார்கள். மகாராணி கைகட்டி நிற்கிறார், பிள்ளைகள் வேலை செய்கிறார்கள் என்று முதுகுக்குப் பின்னால் சிரிக்கவும் செய்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் நான் வாயைத் திறந்தால் வேறு சிலதும் சேர்ந்து வெளியே வந்துவிடும். அதனால் ஊசியில் நூல் கோக்கிற பாவனையில் குனிந்துகொள்வேன்.

நான் யூனிஸ், தையல் டீச்சர். ஊர் பாளையங்கோட்டை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். என் தையல் அறை ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு அடுத்த அறை. நடுவில் பாதிச் சுவர்தான். அங்கே நடப்பது அத்தனையும் எனக்குக் கேட்கும்.

தொண்ணூற்றைந்து ஜூனில், பள்ளி திறந்த முதல் வாரம், தலைமையாசிரியை ஞானம்பாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் சைக்ளோஸ்டைல் செய்த எட்டுப் பக்கம் கிடந்தது. நிர்வாகத்தில் யாரோ மதராஸில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வாங்கி வந்தது. இனிமேல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் 'வாழ்க்கைக் கல்வி'. படித்து முடித்து வெளியே போகிற பிள்ளை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுக்க வேண்டுமாம். வருஷத்துக்கு முப்பத்திரண்டு வெள்ளிக்கிழமை, முப்பத்திரண்டு பாடம். வருஷம் முழுவதற்கும் திட்டம் எழுதி வருகிற திங்கட்கிழமை காட்ட வேண்டும். கணக்கு டீச்சருக்கும் இங்கிலீஷ் டீச்சருக்கும் நேரமில்லை. இளிச்சவாயர் தலையில்தானே மிளகாய் அரைப்பார்கள், சரித்திரத்தின் தலையிலும் தையலின் தலையிலும் அரைத்தார்கள்.

முதல் பாடத்தின் தலைப்பை ஞானம்பாள் வாசித்துக் காட்டினார். 'பெரியோருக்குக் கீழ்ப்படிதல்.' சங்கரி டீச்சர் அந்தத் தாளைக் கையில் வாங்கவே இல்லை. இது வேண்டாம், வேறு ஏதாவது வைத்துக்கொள்ளலாம் என்று மெதுவாகச் சொன்னார். ஞானம்பாள் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். நிர்வாகம் தந்ததில் முதல் வரியையே அடித்தால் பதில் சொல்ல வேண்டியது தான்தான் என்றார். பொம்பளைப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய பாடம் என்ன இருக்கிறது என்றும் கேட்டார். பிறகு வகுப்புப் பட்டியலை நீட்டினார். முப்பத்தெட்டுப் பேர். பத்தொன்பதாவது பெயரில் சங்கரி டீச்சரின் விரல் நின்றது. ஜமீலா, மேலப்பாளையம்.

அது யார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நிலோஃபரின் தங்கச்சி. மூன்று வருஷமாக எங்கள் பள்ளியில்தான் படிக்கிறாள். சங்கரி டீச்சர் ஒன்பதுக்கும் பத்துக்கும் மட்டும் போகிறவர். அதனால் அந்தப் பிள்ளை எதிரே வராமல் எப்படியோ தப்பித்துக்கொண்டிருந்தார். காலைப் பிரார்த்தனைக்குக்கூடப் பின்படி வழியாக வந்து கடைசியில் நிற்பார். இனி தப்பிக்க வழியில்லை.

நிலோஃபரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் வட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சங்கரி டீச்சர் திருநெல்வேலி டவுனில், தேரோடும் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பிறந்தவர். சைவப் பிள்ளைமார் வீடு. தாத்தா காலத்தில் முன்னீர்பள்ளத்துப் பக்கம் வயல் இருந்ததாம். அப்பா காலத்தில் அது அத்தைமார் கல்யாணத்துக்குப் பாதியும் கோர்ட்டுக்குப் பாதியுமாகப் போயிற்று. மிஞ்சியது படிப்புதான். ஜாதகம் சரியில்லை என்று அவர் கல்யாணம் தள்ளிப் போய், ஒரு கட்டத்தில் பேச்சே அடங்கிவிட்டது. அதற்காக அவர் முகத்தைத் தொங்கப்போட்டு நான் பார்த்ததில்லை. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம், பிள்ளைகளை நாலு இடம் கூட்டிப்போவது.

அவர் வருவதற்கு முன்னால் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஜங்ஷனைத் தாண்டி எங்கேயும் போனதில்லை. பெற்றவர்கள் விடமாட்டார்கள். இவர் வீடு வீடாகப் போனார். டவுன், பேட்டை, மேலப்பாளையம் என்று ஒரு தெரு விடவில்லை. கொடுத்ததைக் குடித்துவிட்டு, உங்கள் பிள்ளைக்கு நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டு வருவார். அப்படிச் சேர்த்த நாற்பது பிள்ளைகளோடு எழுபத்தேழில் முதல் தடவை ஜங்ஷனுக்குப் போனபோது, டிக்கெட் எடுக்கப் போக வேண்டும், பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று திகைத்திருக்கிறார். கைப்பையில் ஒரு சாக்பீஸ் கிடந்தது. பிளாட்பாரத்தில் பெரிய வட்டம் ஒன்று போட்டு எல்லோரையும் அதற்குள் நிறுத்தினார். நான் வருகிற வரைக்கும் ஒரு கால்கூட வெளியே வரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது நாற்பது பேரும் அப்படியே நின்றார்கள். போர்ட்டர்கள் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்களாம்.

அதன்பிறகு கன்னியாகுமரியிலும் குற்றாலத்திலும் மதுரையிலும் அவர் எங்கே இறங்கினாலும் முதல் வேலை வட்டம்தான். பதினாலு வருஷம் ஒரு பிள்ளை தொலைந்ததில்லை, ஒரு பிள்ளை விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டதுகூட இல்லை. சங்கரி டீச்சர் வட்டம் போட்டால் எமனும் உள்ளே வரமாட்டான் என்று டவுனில் ஒரு சொல்லே உண்டாயிற்று. வீட்டில் சேட்டை பண்ணுகிற பிள்ளைகளைத் தாய்மார் வட்டம் போட்டு உட்காரவைத்தார்கள். நானே வெளிப்பள்ளி டீச்சர்களிடம் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

தொண்ணூற்றொன்று ஐப்பசி. ஊரெல்லாம் நினைவு வைத்திருக்கிற பெரிய வெள்ளம் மறு வருஷம் வந்தது. நான் சொல்கிற தண்ணீரைப் பற்றிப் பேப்பரில் இரண்டு வரிதான் வந்தது.

ஒன்பதாம் வகுப்பு முப்பத்தாறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேற்கே ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றுக்குப் போனோம். கோயில் கல்வெட்டைக் காட்ட வேண்டும். துணைக்கு நான். படித்துறையை ஒட்டி ஆற்று மணலில் ஒரு கல்மண்டபம் இருந்தது. அதில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். கோயில் அங்கிருந்து தோப்பு வழியாக அரை மைல். கிளம்புகிற நேரத்தில் நிலோஃபர் காலில் முள் ஏறிவிட்டது. எடுத்துவிட்டேன். ஆனால் ஊன்றி நடக்க முடியவில்லை. சங்கரி டீச்சர் மண்டபத்துத் தரையில் சின்னதாக ஒரு வட்டம் போட்டு அவளை அதற்குள் உட்கார்த்தினார். பிறகு என்னைப் பார்த்து, நீ இவளோடு இருக்கிறாயா என்று கேட்டார்.

இதை நான் இதுவரை யாருக்கும் எழுதியதில்லை. எனக்கும் தோப்பைப் பார்க்க ஆசையாக இருந்தது. "வட்டம் போட்டாச்சுல்லாக்கா, அவ எங்க போவா?" என்றேன். நிலோஃபரும் சிரித்தாள். நாங்கள் போனோம்.

இங்கே நல்ல வெயில். மழை மலைமேல் பெய்திருக்கிறது. தோப்பைவிட்டு வெளியே வந்தபோது ஆறு செம்மண் நிறத்தில் இருந்தது. சுள்ளியும் நுரையுமாகப் போயிற்று. மண்டபத்தில் தூணுக்குப் பாதிவரை தண்ணீர். உள்ளே யாரும் இல்லை. சங்கரி டீச்சர் ஆற்றில் இறங்கிவிட்டார். நானும் கரையில் நின்ற ஊர்க்காரர் இரண்டு பேரும் அவரைச் சேலையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டோம். மறுநாள் மத்தியானம் கீழே ஒரு நாணல் திட்டில் நிலோஃபர் கிடைத்தாள்.

விசாரணை வந்தது. பிள்ளை விளையாட்டாக ஆற்றில் இறங்கிக் கால் தவறியிருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள். அப்படியே எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். வட்டத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

அதோடு முடியவில்லை. நிலோஃபர் கிடைத்த அன்று எதிர்க்கரையில் துணி துவைக்கிறவர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தண்ணீர் கரண்டைக்கால் அளவு இருக்கும்போதே அவர் அவளைப் பார்த்துச் சத்தம் கொடுத்திருக்கிறார். பிள்ளை எழுந்து நின்றதாம். அவரைப் பார்த்துக் கையை ஆட்டியதாம். "கரையேறும்மான்னேன். டீச்சர் வரட்டும்னுச்சு" என்றார். முழங்கால் அளவு வந்தபோதும் கத்தியிருக்கிறார். அப்போதும் அதே பதில்தான். பிறகு அவர் இக்கரைக்கு வர முடியாதபடி இழுப்பு வந்துவிட்டது. இதை யாரிடமும் சொல்லாதீர்கள் அண்ணாச்சி என்று நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் தலையை ஆட்டினார்.

அன்றிலிருந்து நாலு வருஷமாகச் சங்கரி டீச்சர் சாக்பீஸைத் தொடவில்லை. எந்த ஊருக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போகவில்லை. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது இருபத்திரண்டாம் எண் முடிந்ததும் ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார். நிலோஃபரின் எண் இருபத்துமூன்று. இப்போது அந்த எண்ணில் வேறு பிள்ளை இருக்கும், வருஷா வருஷம் வேறு பிள்ளை. அது "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லக் காத்திருக்கும். பாதிச் சுவருக்கு இந்தப் பக்கம் நானும் கால்மிஷினை நிறுத்திக்கொண்டு காத்திருப்பேன். யாருக்குப் பதிலாக யார் உள்ளேன் என்று சொல்லப்போகிறார்கள் என்று பயமாக இருக்கும்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். அந்த வாரம் நாலு நாள் சாயங்காலம் தையல் அறையில் உட்கார்ந்து எழுதினோம். எழுதினோம் என்றால் நான் எழுதினேன். பொத்தான் தைத்தல், மணியார்டர் பாரம் நிரப்புதல், தந்தி எழுதுதல், தீக்காயத்துக்கு முதலுதவி, பஸ் நேரம் பார்த்தல், ரேஷன் கார்டில் பெயர் சேர்த்தல் என்று நான் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போனேன். சங்கரி டீச்சர் இடையில் எப்போதாவது ஒன்று சொல்வார். அவர் சொன்னது எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. பெரியவர்களிடம் ஏன் என்று கேட்பது எப்படி. வேண்டாம் என்று சத்தமாகச் சொல்வது எப்படி. தப்பாகச் சொல்லிவிட்டீர்கள் என்று டீச்சரிடமே சொல்வது எப்படி. ஞானம்பாள் இதற்குக் கையெழுத்துப் போட்ட மாதிரிதான் என்று நான் எரிச்சலோடு சொன்னேன். ஆனாலும் எழுதினேன்.

முதல் வெள்ளிக்கிழமைக்கு எதிரே மட்டும் கோடு காலியாகவே இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் அவர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே குழாயடியில் ஆயாம்மா வாளியைக் குழாய்க்கு அடியில் வைத்துவிட்டு எங்கேயோ போயிருந்தாள். தண்ணீர் நிறைந்து வழிகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் வந்தால் அவர் தன் காலைத்தான் பார்ப்பார். அன்றைக்கும் பார்த்தார்.

"குறுக்குத்துறைல தண்ணி வந்தா முருகனையே மேலக்கோயிலுக்குத் தூக்கிட்டுப் போயிருதாங்க, யூனிஸ்" என்றார். "சாமியவே அங்கன இருன்னு யாரும் விடல. நான் ஒரு பிள்ளைய விட்டேன்."

அவர் வீட்டார் தலைமுறை தலைமுறையாகக் குறுக்குத்துறைக்குப் போகிறவர்கள். ஆற்றுக்குள் இருக்கிற கோயில் அது. வெள்ளம் வரும் என்று தெரிந்தால் உற்சவரை எடுத்துக்கொண்டு மேட்டுக் கோயிலுக்குப் போய்விடுவார்கள். வடிந்த பிறகு கழுவிவிட்டுத் திரும்ப வைப்பார்கள். சின்ன வயதில் அவரும் அதைக் கரையில் நின்று பார்த்திருக்கிறார். நாலு வருஷமாக அந்தப் பக்கமே போகவில்லை.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. துணி துவைக்கிறவர் சொன்னதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். கோபப்படுவார், அடிப்பார் என்றுகூட நினைத்தேன். "தெரியும். அவ வேற என்ன சொல்லிருப்பா" என்றார். பிறகு, நிலோஃபரின் அம்மாவிடம் இதைச் சொல்லாமல் அவருடைய அடுத்த பிள்ளை முன்னால் நான் போய் நிற்க முடியாது, நிற்கச் சொன்னால் வேலையை விட்டுவிடுவேன் என்றார். திங்கட்கிழமைக்குள் அவர் மேலப்பாளையம் போக வேண்டும். நானும் வர வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானாகத்தான் போனேன்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆட்டோவில் போய் இறங்கினோம். தெருவில் இரண்டு வீடுகளில் தறி ஓடிக்கொண்டிருந்தது. நிலோஃபரின் அம்மா ஹமீது பீவி வாசல் நடையில் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் சவூதியில். எங்களைப் பார்த்ததும் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே கூப்பிட்டார். ஜமீலா டீ கொண்டுவந்து வைத்தாள். அக்காவின் அதே நெற்றி, அதே கை. சங்கரி டீச்சர் டம்ளரைத் தூக்கவில்லை. பிள்ளையை உள்ளே போகச் சொல்லுங்கள் என்றார். ஹமீது பீவி, இருக்கட்டும், அவளும் கேட்கட்டும் என்றார்.

சங்கரி டீச்சர் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. பிள்ளை விளையாடப் போகவில்லை, காலில் முள், நான்தான் வட்டம் போட்டு உட்காரவைத்தேன், நான் வரும்வரை நகரக் கூடாது என்றேன், தண்ணீர் வந்தது, அவள் நகரவில்லை. நாங்கள் எழுதிக்கொடுத்தது பொய். இவ்வளவுதான் சொன்னார். இதைச் சொல்ல நாலு வருஷம் ஆகியிருக்கிறது.

ஹமீது பீவியின் கை நிற்கவில்லை. இலையில் தூளை வைத்து உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றிச் சுளகில் போட்டார். அடுத்த இலையை எடுத்தார்.

"நாப்பதாம் நா பாத்தியா ஓதுன அன்னைக்கு அந்த ஆத்துல துணி தொவைக்கவரு வந்தாரு, டீச்சர். எல்லாஞ் சொல்லிட்டாரு" என்றார். "நாலு வருசமா இந்த வாசலத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். நீங்க வந்து சொல்லுவியன்னு. எம் புள்ள ஒங்களப் பாத்துக்கிட்டு நின்ன மாதிரியே நானும் நிக்கேன்."

சங்கரி டீச்சர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். ரெண்டு டீச்சர் போனீர்களே என்றார். நான் என் வாயால் சொன்ன அந்த ஒரு வரியையும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். எங்களை மன்னித்தேன் என்று அவர் அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகு எப்போதும் சொல்லவில்லை. அதைக் கேட்க எங்களுக்கும் வாய் வரவில்லை.

எல்லாம் தெரிந்தும் சின்னப் பிள்ளையை ஏன் அதே பள்ளியில் சேர்த்தீர்கள் என்று சங்கரி டீச்சர் கேட்டார்.

"ஒங்களுக்கு மறக்கக் கூடாதுல்லா" என்றார் ஹமீது பீவி. கதவோரம் நின்ற ஜமீலாவைக் காட்டினார். "இவ அவளவிட சொல்பேச்சு கேக்கா. இருன்னா இருக்கா, நில்லுன்னா நிக்கா. ஊரே மெச்சுது. எனக்குப் பயமா இருக்கு. நானுஞ் சொல்லிப் பாத்துட்டேன், நான் சொன்னா அதையும் சரின்னு கேட்டுக்கிடுதா. நீங்கதான ஒருத்திய நிக்கவெச்சிய. இவள வெளிய வரவெச்சிருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

ஆட்டோவில் திரும்பினோம். குறுக்குத்துறைப் பக்கம் திரும்புகிற இடத்தில் சங்கரி டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டார். வீடு போகிற வரைக்கும் கையைப் பிரிக்கவே இல்லை.

திங்கட்கிழமை திட்ட நோட்டை ஞானம்பாள் பார்த்தார். முதல் வெள்ளிக்கிழமைக்கு எதிரே 'பெரியோருக்குக் கீழ்ப்படிதல்' என்றே எழுதியிருந்தது, சங்கரி டீச்சரின் கையெழுத்தில். ஞானம்பாளுக்குத் திருப்தி. மற்றதில் இரண்டு மூன்றை முகம் சுளித்தபடி விட்டுவிட்டார். சொன்னால் புத்திவரும் என்று எனக்குத் தெரியும் சங்கரி என்றும் சொல்லிக்கொண்டார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளச் சொன்னார். பிறகு என்னிடம் கையை நீட்டினார். நான் சாக்பீஸ் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். குனிந்து கோட்டை இழுத்தார். வட்டம் கோணாமல் வந்தது. முப்பத்தெட்டுப் பேரையும் அதற்குள் நிற்கச் சொன்னார். "நான் வர்ற வரைக்கும் யாரும் இத விட்டு வெளிய வரக் கூடாது" என்று பழைய குரலிலேயே சொன்னார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெளியே வந்து வராந்தாத் தூணுக்குப் பின்னால், ஜன்னல் வழியாக உள்ளே தெரிகிற இடத்தில் நின்றுகொண்டார்.

என் வேலை தண்ணீர். குழாயடியிலிருந்து வாளி வாளியாகக் கொண்டுபோய்ப் பிள்ளைகள் காலடியில் ஊற்ற வேண்டும். முதல் வாளிக்குச் சிரித்தார்கள். இரண்டாவதற்குப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஐந்தாவது வாளியில் சிரிப்பு நின்றுவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். ஏன் டீச்சர் என்று ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை. வாசல்படி உயரம் என்பதால் தண்ணீர் வெளியே போகாமல் அவர்கள் விரல் மூழ்க நின்றது. முப்பத்தெட்டுப் பேரும் நின்றார்கள். நடுவில் ஜமீலா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பள்ளி விடுகிற மணி அடித்தது. மற்ற வகுப்புப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓடினார்கள். ஒன்பது 'பி'யில் ஒரு கால் நகரவில்லை. நான் வாளியைக் கீழே வைத்தேன். தூணுக்கு வந்து, போதும், வெளியே வரச் சொல்லுங்கள் அக்கா என்றேன்.

"நான் சொன்னா வந்துருவாங்க, யூனிஸ்" என்றார். "சொல்லாம வரணும்."

கால் மணி நேரம் ஆயிற்று. கேட்டில் பெற்றவர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஞானம்பாள் என்ன, சத்தத்தையே காணோமே என்று வந்தார். உள்ளே பார்த்துவிட்டு வாயைத் திறக்கப் போனார். சங்கரி டீச்சர் பதினெட்டு வருஷ சர்வீஸில் முதல் தடவையாகத் தலைமையாசிரியைக்கு முன்னால் கையை நீட்டித் தடுத்தார். உள்ளே ஒரு பிள்ளை விசும்பத் தொடங்கிற்று. விசும்பிக்கொண்டே நின்றது. நான் மனசுக்குள் ஜெபம் பண்ணினேன். அப்போது எனக்கு அந்த வகுப்பறையே தெரியவில்லை. மண்டபத்துக் கல்தூணும், எழுந்து நின்று கையை ஆட்டுகிற ஒரு பிள்ளையும்தான் தெரிந்தது.

ஜமீலா குனிந்து பாவாடை விளிம்பைப் பிழிந்தாள். நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவள் அவள் தாவணியைப் பிடித்து இழுத்து, டீச்சர் திட்டுவாங்க என்று சொன்னது எனக்குக் கேட்டது. ஜமீலா அந்தக் கையை எடுத்துவிட்டாள். ஒரு காலைத் தூக்கிக் கோட்டுக்கு வெளியே வைத்தாள். மறு காலையும் வைத்தாள். பெஞ்சிலிருந்து பையை எடுத்துக்கொண்டு நேராகத் தூணுக்குப் பின்னால் வந்து சங்கரி டீச்சர் முன்னால் நின்றாள். கால் நனைந்து வெளுத்திருந்தது.

"நீங்க வரல, டீச்சர்" என்றாள். "அதான் நானே வந்துட்டேன்."

சங்கரி டீச்சர் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஓவென்று அழுதார். நாலு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஜமீலா பயந்துபோய்ப் பக்கத்தில் நின்றாள். பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து செருப்பைத் தேடினார்கள்.

திங்கட்கிழமை காலை நான் தையல் அறையில் இருந்தேன். பக்கத்து அறையில் பலகையில் சாக்பீஸ் உரசுகிற சத்தம் கேட்டது. சங்கரி டீச்சரே தேதியை எழுதினார். அப்புறம் வருகைப் பதிவு. பத்தொன்பது என்றார். ஜமீலா உள்ளேன் டீச்சர் என்றாள். இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. நான் மிஷினை நிறுத்தினேன். அவர் எப்போதும்போல நிறுத்தினார், அதே ஒரு மூச்சு நேரம். அப்புறம் இருபத்துமூன்று என்றார்.